சாலமோனின் மூக்கு

தொடாதீங்க தம்பி. எம்புட்டு நேரம் வேணாலும் பாருங்க, தொட மட்டும் கூடாது. கூடைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கே வாலு, அதுல ஒரு எறகு ஒடிஞ்சாலும் அடுத்தது மொளைச்சு வர வருசக்கணக்கு ஆகும். கால மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கங்க. ஆங், அப்பிடி. செம்பட்டில பாதிக் கூட்டம் எறங்கிரும், அப்பறம் தாராளமா ஒக்காரலாம். நான் வத்தலக்குண்டு போறேன். நீங்களும் அங்கதானா? நல்லது.

மூக்கு ஏன் இப்பிடி வளைஞ்சிருக்குன்னா கேக்குறீங்க? அது வளைஞ்சதில்ல தம்பி, நான் வளைச்சது. கிளிமூக்குச் சேவலுன்னு கேள்விப்பட்டதில்லயா? திண்டுக்கல்ல பொறந்துட்டு இது தெரியலையா? கிளிமூக்கு, விசிறிவாலு. கண்காட்சியில நாத்தான்வேல் சேவல்னா தனியா வந்து நின்னு பாப்பாய்ங்க. நாத்தான்வேல் நாந்தான். மொக்கராசுன்னு எங்கப்பன் வச்ச பேரு. சபையில ஞானஸ்நானம் வாங்குனப்ப பாஸ்டர் மாத்தி வச்சாரு.

எங்கப்பன் வச்சிருந்ததெல்லாம் சண்டச் சேவலு. மூக்கு ஈட்டி கணக்கா நேரா இருக்கும். முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி அய்யலூர் சந்தையில ஒரு சேவலப் பாத்தேன். மூக்கு நுனி லேசா, ரொம்ப லேசா, தரையப் பாத்து இருந்துச்சு. சண்டைக்கு ஆகாதுன்னு ஒருத்தனும் சீந்தல. நான் தூக்கிட்டு வந்தேன். சவுல்னு பேரு வச்சேன். அதுக்குப் பொறந்த குஞ்சுகள்ல எதுக்கு மூக்கு கூடக் கொஞ்சம் வளைஞ்சிருக்கோ அத வச்சுக்கிட்டு, மத்தது எல்லாம் கொழம்பு. அடுத்த குஞ்சுகள்லயும் அப்பிடித்தான். வளைஞ்சது இருக்கும், நேரா இருக்கிறது சட்டிக்குப் போகும். இப்பிடியே வந்து வந்து நடுவுல தாவீது. தாவீதுக்கு மூக்கு பாதி நிலா. அதுக்கு அப்பறம் இந்தா, மடியில ஒக்காந்திருக்காரே, சாலமோன். சவுலுக்குத் தாவீது மகன் இல்லைங்கிறது எனக்கும் தெரியும். பாஸ்டர்கூட அதச் சொல்லிச் சிரிச்சாரு. கோழிக்கு என்ன வேதாகமம், விடுங்க.

சவுலையும் சாலமோனையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துனா ரெண்டும் ஒரே வம்சம்னு சத்தியம் பண்ணுனாலும் நம்ப மாட்டீங்க. இந்த மூக்கு ஒலகத்துல இல்லாத மூக்கு தம்பி. என் கையால உண்டானது.

என்ன சிரிப்பு? கையில என்ன புத்தகம் அது? காட்டுங்க. உயிரியலா? வாத்தியாருக்கா படிக்கிறீங்க? அப்ப தள்ளியே ஒக்காருங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு வாத்தியாரைக் கண்டா ஆகாது, அதுலயும் இந்த வாத்தியாரைக் கண்டா சுத்தமா ஆகாது. என்ன சொல்ல வாறீங்கன்னு தெரியும். "நீங்க பண்ணுனதுதான் அய்யா பரிணாமம்." அதானே? எம் மகளும் இதத்தான் சொன்னா. நான் ஒண்ணு கேக்குறேன். முப்பத்திரண்டு வருசம் ஆச்சே, இது கிளியா ஆயிருச்சா? பறந்து போயி கொய்யா மரத்துல ஒக்காந்துச்சா? கோழி கோழியாத்தான் இருக்கு. மூக்கு மட்டுந்தான் மாறியிருக்கு. வாலு மாறியிருக்கு. கண்ணும் வெள்ளையா மாறியிருக்கு. ஒசரமும் கூடியிருக்கு. அம்புட்டுத்தான். மத்தபடி கோழிதான்.

கொரங்குல இருந்து மனுசன் வந்தான்னு எவனாச்சும் எங்கிட்ட வந்து சொன்னா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. பாஸ்டரு சொல்லிக்குடுத்துதான் இப்பிடிப் பேசுறேன்னு எம் மக சொல்லுவா. கெடையாது. பாஸ்டரு எனக்கு வந்தது பின்னாடி. கோவம் அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.

எட்டாங்கிளாஸ் படிக்கிறேன். எங்க தெருவுல இருந்து எட்டு வரைக்கும் வந்தது நான் ஒருத்தன்தான். அறிவியல் வாத்தியாரு, பேரச் சொல்ல மாட்டேன், சொன்னா வாயக் கழுவணும். ஊருக்குள்ள பெரிய வீட்டுக்காரன். ஒரு படத்தக் கொண்டாந்து கரும்பலகையில மாட்டுனான். நீங்களும் பாத்திருப்பீங்க. ஒரு ஓரத்துல கொரங்கு, அடுத்து கூனிக்கிட்டு ஒண்ணு, அடுத்து கொஞ்சம் நிமிந்து ஒண்ணு, கடைசில மனுசன். பாடம் நடத்துனான். நடத்திட்டு என்னையக் கூப்பிட்டான். வாடான்னான். போனேன். தோளப் புடிச்சு, அந்த ரெண்டாவதா கூனிக்கிட்டு நிக்கிறதுக்கு நேரா நிப்பாட்டுனான். "இங்க பாருங்கடா, எல்லாரும் வந்து சேந்துட்டாய்ங்க, இவன் மட்டும் இன்னும் வழியில நிக்கிறான்." அப்பிடின்னான்.

சிரிச்சாய்ங்க தம்பி. அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க. என்கூட நெல்லிக்கா பிச்சுத் தின்ன பயலும் சிரிச்சான். நான் அழுகல. பையத் தூக்கிட்டு வந்துட்டேன், திரும்பப் போகல. ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து ஏன்டா வரலன்னு கேக்கல. எங்கப்பன் கேட்டான், வாத்தியாரு அடிச்சானான்னு. இல்லன்னேன். அப்ப ஆடு மேயின்னுட்டான்.

அப்பறம் பத்து வருசம் கழிச்சு எப்பிராயீம் பாஸ்டர் எங்க தெருவுக்கு வந்தாரு. பாயில ஒக்காந்து, எங்க வீட்டுத் தண்ணிய வாங்கிக் குடிச்சுட்டுப் பேசுனாரு. ஆண்டவர் மண்ணெடுத்துப் பெசஞ்சு, தன்னையப் போலவே மனுசன உண்டாக்குனாருன்னாரு. நான் கேட்டேன், எங்களையுமான்னு. ஒங்களையும்தான்னாரு. வேற மண்ணு இல்லையேன்னு கேட்டேன். ஒரே மண்ணுன்னாரு. அன்னைக்கு அழுதேன். எட்டாங்கிளாசுல வராத அழுக அன்னைக்கு வந்துச்சு. இப்ப வந்து ஒருத்தன் அதெல்லாம் இல்ல, நீ கொரங்குதான்னு சொன்னா நான் அவனுக்கு மால போடணுமா?

எம் மக பேரு பெர்சி. பெர்சியாள்னு வேதத்துல வர்ற பேரு. ஒத்தப் புள்ள. நடக்கப் பழகுனதே கோழிக் கூண்டப் புடிச்சுக்கிட்டுத்தான். அஞ்சாங்கிளாஸ் படிக்கையில ஒரு நோட்டுப் போட்டா. எந்தச் சேவலுக்கு எந்தப் பொட்ட, எத்தன குஞ்சு, எதுக்கு மூக்கு எப்பிடி, எல்லாம் அவ எழுதி வச்சதுதான். படம்கூட வரைவா. நான் படிக்க வச்சேன். விலங்கியல் படிக்கிறேன்னா. கோழி ஆசையில படிக்கிறா போலன்னு நெனச்சுச் சேத்து விட்டேன். படிச்சு முடிச்சு, பரிச்ச எழுதி, கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துல டீச்சரும் ஆயிட்டா. வத்தலக்குண்டுப் பக்கம். எங்க தெருவுக்கே மொத டீச்சர். அப்பறந்தான் தெரியிது, எந்தப் பாடத்துல என்னையக் கூனிக்கிட்டு நிக்க வச்சானோ அதே பாடத்த எம் மக நடத்துறான்னு.

வீட்டுல சண்டைதான். சோறு திங்கையில ஒரு நாளு சொன்னா. "அப்பா, அந்த வாத்தியாரு பாடத்தத் தப்பா நடத்துனாரு. அந்த வரிசையில அவரும்தான் வந்தாரு. ஒங்களுக்கும் அவருக்கும் ஒரே முப்பாட்டன். நான் எங்க புள்ளைகளுக்கு அதத்தான் சொல்றேன்." நான் தட்ட விட்டு எந்திரிச்சுட்டேன். கொரங்கக்கூட ஒரு ஓரமாச் சேத்துக்கலாம் தம்பி, அவனப் போயி சொந்தம்னு எப்பிடிச் சேக்கிறது?

என்ன? ஆதாம் வழியா வந்தாலும் அவன் எனக்குப் பங்காளிதானா?

இல்ல, அது... அப்பிடி வராது. பாஸ்டரு அத அப்பிடிச் சொல்லல. எப்பிடின்னு இப்பக் கேட்டா? நான் பாஸ்டரா? ஜன்னல சாத்துங்க மொதல்ல, சேவலுக்குக் காத்து ஆகாது.

எங்க விட்டேன்? ஆங். போன ஐப்பசி. இப்ப மாசி, நாலு மாசம் ஆகுது. அவ பள்ளிக்கூடத்துல அறிவியல் கண்காட்சின்னா. "நீ கட்டாயம் வரணும்ப்பா, சாலமோனையும் கொண்டா, ஒனக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கேன்"னா. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வீட்டுக்காரியோட போனேன். எட்டாங்கிளாசுக்கு அப்பறம் பள்ளிக்கூட வாசப்படிய அன்னைக்குத்தான் மிதிக்கிறேன். பெர்சியச் சேத்து விடக்கூட அவ ஆத்தாளத்தான் அனுப்புவேன். புள்ளைக எல்லாம் கையக் கட்டிக்கிட்டு வணக்கம் அய்யான்னுச்சுக. மனசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கூட்டிட்டுப் போயி ஒரு செவுத்துக்கு முன்னாடி நிப்பாட்டுனா. துணி போட்டு மூடியிருந்துச்சு. ஒரு பொம்பளப்புள்ள வந்து துணிய எடுத்துச்சு.

பெரிய அட்டை. எடது ஓரத்துல சவுல். அடுத்து அதோட மகன். அடுத்து தாவீது. அப்பறம் சாலமோன். எல்லாம் அந்த நோட்டப் பாத்துப் பெருசா வரைஞ்சிருக்கு. வரிசையா. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம். கடைசியில யாரு தெரியுமா? நானு. வெள்ளச் சட்டையோட, நிமிந்து நிக்கிறேன். என் போட்டோ.

ஒரு வரிசை. ஒரு ஓரத்துல மிருகம், இன்னொரு ஓரத்துல மனுசன். அதே படம் தம்பி. அதே படத்துல என்னைய மறுபடி நிப்பாட்டிட்டா. நான் பெத்தவ நிப்பாட்டிட்டா. திரும்பிப் பாக்குறேன், புள்ளைக பூராம் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குதுக.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. சேவலக் கீழ விட்டுட்டு அந்த அட்டையப் புடிச்சு இழுத்தேன். ரெண்டாக் கிழிஞ்சுச்சு. நாலாக் கிழிச்சேன். தலைமையாசிரியர் ஓடி வாறாரு. நான் அந்தப் புள்ளைகளப் பாத்துக் கத்துறேன். "ஒங்க டீச்சரு கொரங்குக்குப் பொறந்தவளாம்! நல்லாப் பாத்துக்கங்க!" அந்தத் துணிய எடுத்துச்சே ஒரு புள்ள, அது பக்கத்துலயே நின்னுச்சு. ரெட்டச் சட. கருப்பா, ஒல்லியா, எங்க தெருப் புள்ள மாதிரி. அதப் பாத்து, "நீயும் கொரங்குதானா? வாலு எங்க?"ன்னேன். அம்புட்டுப் புள்ளையும் சிரிச்சுச்சு. அது மட்டும் அழுதுச்சு.

ஆத்திரத்துல வர்றதுதானே தம்பி. பெரிய மனுசன் ஒரு வார்த்த சொல்லிட்டா என்ன இப்ப? அதுக்கு அழுகிறதா?

பெர்சி என்னையத் தாண்டி அந்தப் புள்ளகிட்டப் போனா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியக் கட்டுனா. வத்தலக்குண்டுல வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டா. படி எறங்கயில ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அந்த வாத்தியாரு செத்துப் போயிட்டாருன்னுல்லப்பா நெனச்சேன்." எனக்கு வெளங்கல. அந்தாளு செத்து ரொம்ப வருசம் ஆச்சு, அது அவளுக்கும் தெரியும். எதுக்கு அப்பிடிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

அந்தக் கருப்புப் புள்ள, சங்கவின்னு பேராம், மறுநாள்ல இருந்து பள்ளிக்கூடம் வரலையாம். பத்தாவது. பரிச்ச வருது. பெர்சி நாலு தடவ வீட்டுக்கு நடையா நடந்து, அந்தப் புள்ள ஆத்தா கையப் புடிச்சுக் கெஞ்சி, அஞ்சாவது தடவதான் கூட்டிட்டு வந்தாளாம். இத என் வீட்டுக்காரி எங்கிட்டச் சொல்றா, என்னமோ நான் தடுத்து வச்ச மாதிரி. நானா வராதன்னு சொன்னேன்? ஒரு வார்த்தைக்கெல்லாமா ஒரு புள்ள படிப்ப விடும்?

என்ன தம்பி, அப்பிடிப் பாக்குறீங்க?

செம்பட்டி வந்துருச்சு. அந்தா, முன்னாடி சீட்டு காலி. போறதுன்னா போயி ஒக்காருங்க. இல்லையா? சரி, இருங்க.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். அந்த அட்டைய என் வீட்டுக்காரி பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கா. எனக்குத் தெரியாம, சோத்துப் பசையப் போட்டு ஒட்டி, பீரோவுக்குப் பின்னாடி வச்சிருக்கா. போன வாரம் எலி புடிக்கப் பீரோவ நகத்துனப்பக் கெடச்சுச்சு. திரும்பக் கிழிக்கத்தான் எடுத்தேன். அன்னைக்குப் படத்தத்தான் பாத்தேன், எழுத்தப் பாக்கல. என் போட்டோவுக்குக் கீழ எழுதியிருக்கு. நான் எட்டாங்கிளாஸ் தம்பி, வாசிக்கத் தெரியும். "இந்த மூக்கை உருவாக்கியவர் திரு. நாத்தான்வேல். முப்பத்திரண்டு ஆண்டுகள் தேர்ந்தெடுத்து இதைச் செய்தார். இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்வதை இவர் நமக்குக் கண் முன்னே காட்டியிருக்கிறார்." திருன்னு போட்டிருக்கு. கீழ மூலையில, "வரைந்தவர்: ச. சங்கவி, பத்தாம் வகுப்பு."

வரிசையில நிக்கிறவன் நான் இல்லையாம். வரிசையப் பண்ணுனவனாம்.

அதுலயும் தப்பு இருக்கு, நான் ஒத்துக்க மாட்டேன். உருவாக்குறது ஆண்டவர் வேல. மனுசன் உருவாக்குனான்னு எழுதுறது பாவம். பாடமும் தப்பு. அதுல எனக்கு மாத்தமே இல்ல, எழுதி வச்சுக்கங்க. ஆனா அந்தக் கொண்டைய, அந்த மூக்க, அந்தப் புள்ள வரைஞ்சிருக்கு பாருங்க, தாவீதோட மூக்குல ஒரு கீறல் உண்டு, சண்டையில விழுந்தது, அதக்கூட விடல.

இல்ல தம்பி, மகளப் பாக்கப் போகல. யாரு சொன்னா? சேவலக் குடுக்கப் போறேன். எனக்குக் குடலெறக்கம். நாளைக்கழிச்சு ஆபரேசன், அஞ்சு நாளு ஆஸ்பத்திரியில கெடக்கணும். இவரு தானா சாப்பிட மாட்டாரு. மூக்கு இம்புட்டு வளைஞ்சிட்டா தரையில கெடக்குற தீனியக் கொத்த முடியாது. மேல் மூக்கு முன்னாடி இடிச்சிரும், கீழ் மூக்கு எட்டாது. கம்ப வேக வச்சு, மொளகு அளவு உருட்டி, வாயத் தொறந்து நாக்குக்குப் பின்னாடி வைக்கணும். முன்னாடி வச்சா வெளிய தள்ளிரும். ஒரு நாளைக்கு மூணு வேள. இது கொறையில்ல தம்பி, நல்ல கிளிமூக்குன்னா அப்பிடித்தான், ராசாவுக்கு ஊட்டித்தான் விடணும். என் வீட்டுக்காரியக் கேட்டா, "நீ ஆஸ்பத்திரிக்குப் போ, நான் அத அறுத்து ஒனக்குக் கொழம்பு கொண்டாறேன்"ங்கிறா. ஊட்டத் தெரிஞ்சது ரெண்டே பேரு. நானும் பெர்சியும். நான் சொல்லிக்குடுத்தது. அவள விட்டா நாதியில்ல, அதான் போறேன். குடுத்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். பேச்சு வார்த்தையெல்லாம் கெடையாது. வேணும்னா, அட்டையக் கிழிச்சது தப்புன்னு சொல்லுவேன். பாடம் தப்புன்னும் சொல்லுவேன். ரெண்டையும் சேத்தே சொல்லிருவேன்.

அந்தா, வத்தலக்குண்டு வந்துருச்சு. தம்பி, கொஞ்சம் எட்டிப் பாருங்க, எனக்கு எட்டப் பார்வ சரியில்ல. பச்சச் சேல கட்டி ஒரு பொண்ணு நிக்குதா? இடுப்புல ஒரு கைய வச்சுக்கிட்டு? அவதான். அந்த நிப்பு என் நிப்பு. நான் வாறேன்னு சொல்லவே இல்லையே. அவ ஆத்தாகாரி போன் போட்டுட்டா. கையில என்ன, கிண்ணமா? கம்பு உருட்டியே கொண்டாந்துட்டா பாருங்க. நேரம் ஆயிருச்சு, சாலமோன் பசியில இருப்பான்னு தெரியும் அவளுக்கு.

பக்கத்துல யாரு? யூனிபாரமா? ரெட்டச் சடையா?

அந்தப் புள்ளையா தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கருப்பா, ஒல்லியா?

வேணாம், நான் எறங்கல. இந்தாங்க, கூடையப் புடிங்க, நீங்க எறங்கி அவகிட்டக் குடுத்துருங்க. நான் அப்பிடியே தேனி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துர்றேன். மககிட்ட நான் பேசிருவேன், அது அப்பன் மக சண்ட, இன்னைக்குத் திட்டுவா, நாளைக்குச் சரியாயிரும். அந்தப் புள்ளகிட்ட என்னன்னு சொல்லுவேன்? நான் சொல்ல நெனச்சு வந்ததெல்லாம் பெர்சிக்குத்தான். அதுக்குன்னு ஒண்ணும் இல்ல எங்கிட்ட.

நீங்க வாத்தியாருக்குப் படிக்கிறவரு, சொல்லுங்க. நாப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி அந்தாளு எங்க தெருவுக்கு வந்து, வாசல்ல நின்னு, எங்கிட்ட என்ன சொல்லியிருந்தா நான் மறுநாளு பையத் தூக்கிட்டுப் போயிருப்பேன்? எத்தனையோ நாளு நெனச்சுப் பாத்திருக்கேன் தம்பி. ஒண்ணும் வர மாட்டேங்குது.

கண்டக்டர் விசில் அடிக்கிறான். கூடைய எங்கிட்டயே குடுங்க, நானே எறங்குறேன். வால ஒடிச்சிராம, மெதுவா.